பதம்

மார்லீன் ஃப்ரீசன் செவ்வாய் மாலை அனுப்பிய கோப்பில்
இருநூற்றுப் பன்னிரண்டு வரிசை.
அவசரப் பிரிவில் ஆட்கள் காத்திருந்த நிமிடங்கள்;
புது முறைக்கு முன் நூற்றாறு, பின் நூற்றாறு.
‘ஒரு டி சோதனை போட்டுவிடுங்கள்,
வியாழன் கூட்டத்துக்கு வேண்டும்.’
சாஸ்கட்டூனில் அன்று மைனஸ் முப்பத்து நான்கு.
எஞ்சின் உறைந்துவிடாமல்
கம்பத்து பிளக்கில் வண்டியைச் செருகிவிட்டு
மாடியேறி வந்து
இன்னும் கையுறை கழற்றியிருக்கவில்லை.

பொய் சொல்வானேன், முதலில் அழுத்தித்தான் பார்த்தேன்.
புள்ளி பூஜ்யம் மூன்று.
காத்திருப்பு கூடிவிட்டது, முறை தோற்றது,
கூட்டத்தில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.
புள்ளி பூஜ்யம் ஐந்துக்குக் கீழே எது வந்தாலும்
எழுந்து நின்று இடம் கொடுக்கிற கட்டடம் இது.

பிறகுதான்,
சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிறவளைப் போல,
படம் வரைந்தேன்.
மணியைக் கவிழ்த்த வடிவம் வரும் என்று
அந்தச் சோதனை நம்பிக்கொண்டிருக்கிறது.
வந்ததோ
இடப்பக்கம் ஒரு குன்று,
அப்புறம் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை,
அறுநூறு நிமிடத்தருகே ஒரு சிறு மேடு,
ஊரைச் சுற்றிய சமவெளியில்
தூரத்தில் தனியாகத் தெரியும் தானியக் கிடங்கு மாதிரி.

மடக்கை எடுத்தால் வால் சுருங்கும்.
தரவரிசைக்கு மாற்றினால் உயரம் மறந்துபோகும்.
கை அந்தப் பக்கம்தான் போனது.
நிறுத்தி, மேட்டைச் சொடுக்கினேன்.
பதினொரு வரிசை.
பதினொன்றிலும் பதிவெண்ணின் கடைசி நான்கிலக்கம்
4471.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
சொன்னவர் சிலதைச் சொல்லாமல் விட்டார்:
ஒரே அரிசி, ஒரே தீ, நன்றாகக் கிண்டிவிட்ட பானை,
பார்த்த பருக்கையையே
மறுபடி மறுபடி எடுத்து நசுக்கக் கூடாதென்பது.

புதன் காலை, கீழே காபி வரிசையில் லூர்டெஸ்.
இரவுப் பணி முடிந்து கண் சிவந்திருந்தது.
எண்ணைச் சொன்னேன். பெயரை அவளும் சொல்லவில்லை.
‘கால் வலி என்று எழுதிக்கொள்ளச் சொல்வார்.
இருக்கலாம். விடுதியில் இடமில்லாத இரவுகளில்தான் அது வரும்.
மூன்று முறை கூப்பிடுவேன், மெதுவாக.
எழுந்திருக்க மாட்டார்.
பட்டியலின் அடியில் போட்டுவிடுவேன்.
காலையில் பஸ் ஓடத் தொடங்கியதும் போய்விடுவார்.’
கோப்பையின் மூடியை அழுத்தி மூடினாள்.
‘இதையும் எழுதப் போகிறாயா?’

ஒவ்வொரு வரிசையும் மற்றதைச் சாராதது
என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குத் தொடங்குகிறது.
அவர் யாரையும் சாராதவர்தான்.
பதினொரு பேர் அல்ல, அவ்வளவே.

ஒருவராக எண்ணினேன்.
வேறுபாடு ஐந்து நிமிடம்.
கூடியதென்றும் சொல்ல முடியாது, குறைந்ததென்றும் முடியாது.
வியாழன் மார்லீன் இரண்டு முறை கேட்டாள்,
‘சரி, முடிவு என்ன?’
இரண்டு முறையும் ‘இதுதான்’ என்றேன்.
அடிக்குறிப்பில் ஒரு வரி:
ஒரே நபரின் பல வருகைகள் ஒன்றாகக் கொள்ளப்பட்டன.
நாற்காலி, பஸ், மெதுவாகக் கூப்பிட்ட குரல்
எதுவும் அதில் இல்லை.

மார்ச் மாதக் கோப்பு வந்திருக்கிறது.
4471 இல்லை.
இரண்டு வாரம் பனி இளகியிருந்தது;
விடுதியில் கட்டில் கிடைத்திருக்கலாம்.
விடுபட்டவை தற்செயலாக விடுபட்டவை
என்று எடுத்துக்கொள்ளலாமா என மென்பொருள் கேட்கிறது,
ஒரு சின்னக் கட்டம், அதில் சரிக்குறி போட வேண்டும்.
சோதித்துப் பார்க்க
கோப்புக்குள் எதுவும் கிடையாது.

லூர்டெஸின் பணி இரவு ஏழுக்குத் தொடங்கும்.
இப்போது ஐந்தே முக்கால்.
வண்டியின் பிளக்கைப் பிடுங்காமல்
உட்கார்ந்திருக்கிறேன்.